முப்பத்தாறு புள்ளிக்குக் கீழே வேண்டாம்

வளைவு ஒன்றுகூட வைக்கவில்லை.
ஷ்செச்சின் துறைமுகத்துக் கிரேன்களைப் பார்த்தபடி
பதினான்கு மாதம் வரைந்தேன்.
தடித்த கால், சீவிய தோள்,
நுனியில் குஞ்சமோ கொலுசோ இல்லாத
முரட்டு எழுத்துரு.

ஓ-தான் கடைசிவரை மல்லுக்கட்டியது.
எட்டு மூலை கொடுத்தேன்: சாலையோர 'நில்' பலகை.
ஆறாக்கினேன்: போல்ட்டில் முடுக்கும் நட்டு.
மறுபடி எட்டுக்கே வந்து
மேல்விளிம்பை இரண்டு அலகு தட்டினேன்.
அப்போதுதான் அது வாயைத் திறந்தது.

விற்பனைத் தாளில் நானே எழுதிய எச்சரிக்கை:
முப்பத்தாறு புள்ளிக்குக் கீழே வேண்டாம்,
உள்வெளி அடைத்துக்கொண்டு
எழுத்துக்கு மூச்சு முட்டும்.

வாங்கியவர்கள்
ஒரு குத்துச்சண்டைக் கூடம், இரண்டு டயர்க்கடை,
வெள்ளரி ஊறுகாய் விற்கும் ஒருவன்.
உருண்டைப் புட்டியில்
என் எழுத்து நெளியாமல் நின்றதை
கடைக்கு வெளியே குளிரில் நின்று பார்த்தேன்.

நவம்பரில் அச்சகத்திலிருந்து போகுமிவ் கூப்பிட்டான்.
"சாவு அறிவிப்புக்கு உன் எழுத்துதான் வேண்டுமாம் ஒருத்திக்கு.
ஆகாதென்று சொல்லிவிடட்டுமா?"

இங்கே சாவைச் சுவரில் ஒட்டுவார்கள்.
கறுப்புக் கட்டம், ஒரு சிலுவை,
மெலிந்த எழுத்தில் பெயர், வயது, பூசை நேரம்.
கிட்டே போய்க் குனிந்தால்தான் தெரியும்
போனது யாரென்று.

ஹல்ஷ்கா அம்மையார் கையுறையைக் கழற்றாமலே பேசினார்.
"முப்பது வருடம் கப்பல் தளத்தில் துரு தட்டினவர்.
காது போயிற்று, தொண்டை பெரிதாயிற்று.
உப்பை எடு என்றால் மூன்று வீட்டுக்குக் கேட்கும்.
மெதுவாய், மெதுவாய் என்று
நானும் சொல்லிச் சொல்லி..."
கையுறையின் ஒரு விரலை இழுத்துக்கொண்டிருந்தார்.
"இந்த ஒல்லி எழுத்து அவர் இல்லை."

ஜெலிஸ்வாவ் வொவோஷ்கோ.
குடும்பப் பெயரில் மட்டும் மூன்று ஓ,
இருபத்துநான்கு மூலை.
முதலெழுத்தின் தலைப்புள்ளி
சாய்சதுரமாகக் கட்டத்தை இடித்தது.
'ஆழ்ந்த துயரத்துடன்' என்ற வரிக்கு இடமில்லை என்றேன்.
"எடுத்துவிடு. அது எல்லார் தாளிலும் இருக்கிறது."

பூசை நேரத்தை மட்டும்
வேறொருவர் வரைந்த மெல்லிய எழுத்தில்
அடியில் வைத்தோம்.

வெள்ளிக்கிழமை, ஏழாம் எண் டிராம்.
தெருவுக்கு அந்தப் பக்கச் சுவரில்
பத்துப் பன்னிரண்டு அறிவிப்புகள் முணுமுணுக்க
ஒன்று மட்டும் நிமிர்ந்து நின்றது.
முன் இருக்கையில் பல் விழுந்த ஒரு சிறுமி
எழுத்துக் கூட்டினாள், முழுத் தொண்டையில்:
வொ! வோ! ஷ்! கோ!
"மெதுவாய்" என்றாள் தாய்.

டிராம் வளைவில் திரும்பும்போது கவனித்தேன்,
முதலெழுத்துக்கும் முதல் ஓவுக்கும் நடுவே
இடைவெளி இரண்டு அலகு கூடுதல்.
வீட்டுக்குப் போய்த் திருத்த வேண்டும்.