எட்டு மடங்கு

பிளாஸ்டிக் பையைக் கழுவிக்
கொடியில் காயப்போடுகிறவள் நான்.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
பதினோராம் ஆண்டும் அதே சாப்பாட்டு டப்பா,
மூடி உடைந்து, ரப்பர் வளையம் போட்டு.
கைப்பேசி முகத்தில் விரிசல்.
பேசுகிறவர் குரலில் விரிசல் இல்லையே என்பேன்.

அப்படிப்பட்டவள்
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது வெள்ளியை
கொம்தார் பக்கத்துக் கடையில் எண்ணி வைத்தேன்.
கடைக்காரர் இரண்டாம் முறை எண்ணும்போது
எனக்கு உள்ளங்கை வேர்த்தது.

தவநேசன் சண்டை போடவில்லை.
தொலைநோக்கியைப் பார்த்தான், ரசீதைப் பார்த்தான்.
"ஐஸ்பெட்டிக் கதவு கயித்துல நிக்குது, கோகிலம்."
கயிறு இன்னும் ஒரு வருஷம் தாங்கும் என்றேன்.
எட்டு மாதம் தாங்கியது.

கீழ்மாடி இந்திராணி கேட்டாள்:
நகையென்றால் அடகுக்காவது ஆகும்,
இதை வைத்து என்ன செய்வே?
பார்ப்பேன்.
பார்க்கிறதுக்கா காசு?

ஞாயிறு, விடியுமுன்.
மோட்டார் சைக்கிளுக்குப் பாலத்தில் கட்டணமில்லை
(அதைக் கவனிக்காமல் விடுமா என் புத்தி).
பட்டர்வொர்த் தாண்டி, தெலுக் ஆயர் தாவார்.
பெயரில் நன்னீர், மூக்கில் சேறு.
கடல் வடிந்த வெளியெங்கும்
வெறுங்கண்ணுக்குச் சிந்திய மிளகு.

திருகியை மெல்லத் திருப்புகிறேன்.
மிளகுக்குக் கால் முளைக்கிறது.
உள்ளான்கள்! நூறோ, இருநூறோ,
ஓடி நின்று, ஓடி நின்று.
நடுவில் வளைந்த அலகுக்காரன் ஒருவன்
சேற்றில் முகம்வரை புதைந்து
நண்டொன்றை உருவி
அதன் கால்களை உதறிக் கழற்றிவிட்டு
விழுங்கும்போது
என் தொண்டையும் அசைகிறது.

சைபீரியாவிலிருந்து வருகின்றனவாம்.
பை இல்லை, மூட்டை இல்லை.
எளிமைக்கு இவற்றைக் காட்டலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.
பிறகு படித்தேன்:
புறப்படுமுன் தின்று தின்று
பாதி உடம்பைக் கொழுப்பாக்கிக்கொள்ளுமாம்.
ஒரே பயணத்தில்
மிச்சமில்லாமல் எரித்துவிடத்தான்
அத்தனை சேமிப்பும்.

ஆனாலும் மழைத்துளி கண்ணாடியில் பட்டால்
முதலில் நினைவு வருவது விலைதான்.
மகனின் பழைய பனியன் துண்டால்
சுற்றிச் சுற்றித் துடைக்கிறேன்.

போன வாரம் தவநேசனும் வந்தான்,
கோப்பிப் பொட்டலம் இரண்டு விரலில் தொங்க.
ஒரு நிமிஷம் கொடு என்றான்.
கோப்பி ஆறிப்போயிற்று.
இன்னும் அவன் திருப்பித் தரவில்லை.
கரைக்கல்லில் உட்கார்ந்து
நான் மிளகைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.