பதினேழாவது வண்டி

ஆரியங்காவு செக்போஸ்ட். இரவு ஒன்றேகால்.
பாவூர்சத்திரத்துத் தக்காளி. முன்னால் பதினாறு வண்டி.
பரமார்த்தலிங்கம் அண்ணன்
ஸ்டியரிங்கில் நெற்றி சாய்த்துக் குறட்டை விடுகிறார்.
புளியரையில் நான் கிளீனர்,
மலை ஏறினால் கிளி.
பி.ஏ. இங்கிலீஷ், அரியர் ரெண்டு.

பொழுது போகாமல் போனில் ‘செக்’ என்று தேடினேன்.
பாரசீகத்தில் ஷா என்றால் அரசன்.
சதுரங்கத்தில் அவனுக்கு ஆபத்தென்றால்
அவன் பெயரைச் சொல்லித்தான் கத்துவார்களாம்.
அந்தக் கத்தல்
பிரான்சில் வாய் கோணி
இங்கிலாந்தில் தேய்ந்து
கப்பலேறி வந்து
இந்தத் தகரக் கொட்டகையில் ஒதுங்கியிருக்கிறது.

அண்ணன் கட்டியிருக்கும்
கட்டம் போட்ட கைலியும் அந்தச் சொல்தான்.
புனலூர் கமிஷன் கடைக்காரர் கொடுத்து
பாங்கிலிருந்து திரும்பி வந்ததே,
அதுவும்.

மழை. தார்ப்பாய்க்கடியில் தக்காளி கசிகிற வாடை.
வரிசை நகர்ந்தது,
ராஜா நகர்கிற மாதிரி,
ஒரே ஒரு கட்டம்.

எங்கள் முறை வந்தபோது மணி மூன்று.
டார்ச் அடித்தவர் சட்டையில் பெயர்:
ஷாஜகான்.
சிரித்துவிட்டேன்.
“எந்தாடா?”
“ஒண்ணுமில்ல சார்.”
அவர் குடையில் ரெண்டு கம்பி முறிந்திருந்தது.
பெட்டியிலிருந்து ரெண்டு பழம் எடுத்தார்,
மோந்து பார்த்து
ஒன்றைத் திரும்ப வைத்தார்.
தடுப்புக் கட்டை எழுந்தது.

தென்மலை இறக்கத்தில் அண்ணன் கேட்டார்:
“அங்க எதுக்குல சிரிச்ச?”
“செக்குண்ணே.”
“எந்தச் செக்கு, எண்ணெ ஆட்டுறதா?”

அதை நான் இன்னும் தேடவில்லை.
சிக்னலும் இல்லை.