மூன்றிலிருந்து ஒன்றுக்கு

டெஹ்ரானில் முதல் பனி விழுந்த காலை
ஆய்வுக்கூடத்துக்கு ஒரு ஜாடி வந்தது.
வினிகரில் ஊறிய பூண்டு, காலிஃபிளவர், கேரட்.
மூடிமேல் ஒட்டிய தாளில்:
"தோர்ஷி. நானே போட்டது, நானே ருசி பார்த்தது.
ஃபரங்கீஸ் கோஹன்தெல்."

முகம் தெரியாது எனக்கு.
மைனஸ் எண்பதில், மூன்றாம் தட்டில்
பத்துச் சிறு குழாய்களாக நிற்பவர்,
ஏழு வருடச் சீரம்.

முதல் குழாயில் டெஸ்மோக்ளீன் மூன்றுக்கு மட்டும் எதிர்ப்பு.
வாயின் உட்தோலை ஒட்டிவைக்கும் பசையை
அவர் ரத்தமே பகையென்று குறித்துக்கொண்டிருந்தது.
அந்த வருடம் டாக்டர் சர்மத் கோப்பில் எழுதியது:
தேநீர் ஆறிய பிறகே.
ரொட்டியின் ஓரம் முடியாது.
கணவரோடு சண்டை போடவும் வாய் திறப்பதில்லை.

நான்காம் குழாயில் மூன்றோடு ஒன்றும்.
சட்டையைக் கழற்றினால்
முதுகுத் தோலும் கூடவே வந்தது.

பிறகு ஊசி, மாத்திரை, உப்பிய முகம்.
எட்டு, ஒன்பது, பத்து:
தட்டின் குழிகளில் வெறும் தண்ணீர் நிறம்.

இன்று பதினொன்று.
மூன்றின் வரிசை தெளிந்தே இருந்தது.
ஒன்றின் வரிசையில் மெல்ல நீலம் ஏறியது.
அமிலம் விட்டேன்,
நீலம் மஞ்சளாகி நின்றது.
கைக்கோளாறோ என்று மறுபடி செய்தேன்.
மறுபடியும் மஞ்சள்.

வேலியே பயிரை மேய்வது தெரிந்த சங்கதி.
இந்த வேலிக்குக் கால் முளைத்திருக்கிறது.
ஒரு வயலை விட்டெழுந்து
அடுத்த வயலுக்கு நடந்திருக்கிறது.
முதலில் உடைந்த செல்லின் சிதறலில்தான்
அடுத்ததன் பெயரைக் கற்றதா?
கட்டுரைகள் எல்லாம்
"இருக்கலாம்" என்பதோடு வாயை மூடிக்கொள்கின்றன.

"கொப்புளம் ஒன்றுமில்லையே" என்றார் சர்மத் தொலைபேசியில்.
"எண் முந்தும், தோல் பிந்தும்.
சிலருக்கு வராமலே போவதும் உண்டு.
வியாழக்கிழமை வரச் சொல்கிறேன்."
பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது.

உள்ளே சாப்பிடக் கூடாது.
ஜாடியை நடைபாதைக்கு எடுத்துப் போய்
ஜன்னலோரம் நின்று
ஒரு பூண்டுப் பல்லைக் கடித்தேன்.
காது வரை கூசியது புளிப்பு.

இதைத்தான்
ஆறு வருடம் கழித்து
முழு வாயோடு
அவர் கடித்துப் பார்த்திருக்கிறார்.

இன்னொன்று எடுத்தேன்.
கையுறை டப்பாமேல் கிடந்த பேனாவால்
பன்னிரண்டாம் குழாய்க்கு லேபிள் எழுதினேன்,
தேதியை விட்டுவிட்டு.