மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர்

கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்த நேரம்.
மூன்றாம் நம்பரில் தேசிங்கு,
மணலி பாய்லர் கேஸ், வீடியோவில் லேபர் கோர்ட்டு.
கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு
பத்து நிமிஷமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பேப்பர் எடுக்கப் போனபோதுதான் கவனித்தேன்,
ஜட்ஜ் உதடு அசைகிறது,
சத்தமே இல்லை.

"கேக்கலன்னு சொல்லக் கூடாதாண்ணா?"
"நம்ம காதுதான்னு நெனச்சுகினேன்மா."
இடது காது அந்த பாய்லரோடு போனது.

ஸ்பீக்கரில் பச்சை எரிகிறது.
ஒயரைப் பிடுங்கி, ஊதி, மறுபடி செருகினேன்.
டேபை மியூட் பண்ணியிருக்கிறதா என்றால் அதுவும் இல்லை.
சிஸ்டத்தில் கிடந்த ஒரு குத்துப்பாட்டைத் தட்டினால்
கடையே அதிர்கிறது,
ஜெராக்ஸுக்கு நின்ற பையன்கள் சிரிக்கிறார்கள்.
பிரவுசர் மட்டும் ஊமை.

மிக்சரைத் திறந்தேன்.
மற்றதெல்லாம் ஸ்பீக்கருக்குப் போக
பிரவுசருக்கு மட்டும் எவனோ
மானிட்டரைக் கைகாட்டி வைத்திருக்கிறான்.
சத்தம் எங்கேயும் தொலையவில்லை.
இத்தனை நேரமும்
வாயே இல்லாத ஒரு கண்ணாடிக்குப்
போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

மாற்றினேன்.
அதே நொடி கூட்ஸ்.
நாற்பத்தெட்டு டேங்கர் (எண்ணுவது பழக்கம்),
மேசையில் குண்டூசி டப்பா நடுங்கி
விளிம்புவரை வந்து நின்றது.

கடைசி டேங்கர் போனதும்
தேசிங்கு வலது காதை ஸ்பீக்கரில் ஒட்டினார்.
தெளிவாகக் கேட்டது. எனக்கும்,
ஜெராக்ஸ் பையன்களுக்கும்:
வாய்தா.

தேதியை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.
"சவுண்டு சூப்பரா கீதுமா" என்று
முப்பது ரூபாயை நீட்டினார்.

பதினைந்தைத் திருப்பிக் கொடுத்தேன்.