கதவைத் திற

ஜன்னல் தொழிற்சாலையில் ஆள் குறைத்த மூன்றாம் வாரம்
வினிபெக் பேஸ்மென்ட் ஒன்றில்
வீடு கட்டத் தொடங்கினேன்.
செங்கல் இல்லை. படம் இல்லை.
எழுத்து மட்டும்.
"நீ ஓர் இருண்ட அறையில் இருக்கிறாய்.
வடக்கே ஒரு கதவு. மேசைமேல் ஒரு விளக்கு."

பைத்தானில் அறை என்பது ஓர் அகராதி.
வடக்கு என்று கேட்டால் நடை என்று சொல்லும்.
நடையிடம் தெற்கு என்று கேட்டால்
அதற்கும் நான்தான் பதில் எழுதி வைக்க வேண்டும்.
முதல் நாள் மறந்துவிட்டேன்.
போனவன் திரும்ப வழியில்லாமல்
இரவு முழுக்க நடையிலேயே நின்றான்.

நாலு வெற்றிடம் தள்ளி எழுதினால் உள்ளே,
தள்ளாவிட்டால் வெளியே.
ஒரு ஸ்பேஸ் குறைந்தாலும் கோபித்துக்கொள்ளும்.
வெள்ளையை இவ்வளவு மதிக்கிற மொழியை
நான் பார்த்ததில்லை.
ஜன்னலில் முக்கால் உயரம் பனி.

மாதிரிக்கு எடுத்த ஆங்கில நிரலில்
வினை முன்னால் நின்றது.
தமிழில் அது
பந்தியில் வீட்டுக்காரர் போல
எல்லாரும் உட்கார்ந்த பிறகு உட்காரும்.
வாக்கியத்தை வாலில் பிடித்தேன்.
கதவைத் திற என்று அடித்தேன்.
"'கதவைத்' என்று இங்கே எதுவும் இல்லை."

அந்த த்!
பள்ளியில் அதை விட்டதற்கு மார்க் போனது.
இப்போது விடாததற்கு
வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

சரி,
சொல்லின் கடைசியில் க் ச் த் ப் இருந்தால் வெட்டு.
தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது
என்று படித்தது பொய்யில்லை.
பிறகு ஐயைக் கழற்று.
கதவை, கதவு. பெட்டியை, பெட்டி. மரத்தை, மரம்.
ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி
சட்டை கழற்றுகிறது.
இருபத்தேழு வரி.
கதவு திறந்தது.
தனியாகக் கை தட்டினேன்.

மெர்லின் நைட் ஷிப்ட் முடிந்து
ஏழே முக்காலுக்கு வருவாள், பூட்ஸில் ரோட்டு உப்போடு.
கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து
டோஸ்ட்டைக் கடித்தபடி
என் வீட்டை உடைப்பாள்.
விளக்கைத் தின்.
கதவோடு சண்டை போடு.
சாவியை மேசைக்கு ஊட்டு.
புரியவில்லை, புரியவில்லை, புரியவில்லை
என்றது இயந்திரம்,
வந்த புதிதில் பெம்பினா ஹைவே பஸ்ஸில்
நான் முழித்த மாதிரி.

பார்க் என்று அடித்தாள்.
வெளியே போக ஆசை அவளுக்கு.
என் கத்தி க்-கைச் சீவியது.
மிஞ்சியது, பார்.
இயந்திரம் பணிவாகப் பார்த்துச் சொன்னது:
"நீ ஓர் இருண்ட அறையில் இருக்கிறாய்."
அவள் சிரித்ததில் திரையெல்லாம் டோஸ்ட் துணுக்கு.
"இதைச் சொல்ல ஒரு கம்ப்யூட்டர் வேணுமா?"

மறுநாள் அவள் எதையும் உடைக்கவில்லை.
"நாலாம் பெட் காலி" என்றாள்.
அதற்குமேல் நான் கேட்கவில்லை.
டோஸ்ட் ஆறிக்கொண்டிருந்தது.
ஒற்றை விரலால் அடித்தாள்:
சும்மா இரு.

"'சும்மா' என்று இங்கே எதுவும் இல்லை."

அந்த வரியை
அவள் இரண்டு தடவை படித்தாள்.
போய்ப் படுத்துவிட்டாள்.

பைத்தானில் பாஸ் என்றொரு சொல் உண்டு,
எதுவும் செய்யாதே என்பதற்கு.
இடத்தைக் காலியாக விட்டால் பிழை.
செய்யாமலிருப்பதையும்
எழுதிக் கொடுக்கத்தான் வேண்டும்.
நாலு வெற்றிடம். பாஸ்.

ஓட்டிப் பார்த்தேன்.
சும்மா இரு.
பதில் இல்லை.
புரியவில்லை என்றும் இல்லை.
கர்சர் சிமிட்டியது.
ஃபர்னஸ் ஒரு தரம் மூச்சுவிட்டு நின்றது.
விளக்கின் எண்ணெய் மட்டும்
நாற்பதிலிருந்து முப்பத்தொன்பது.

அதற்கும் ஒரு வரி சேர்த்தேன்:
சும்மா இருக்கும்போது
எண்ணெய் குறையாது.

ஆட்ட நியாயப்படி இது தப்பு.
எழுந்ததும் கண்டுபிடிப்பாள்,
திட்டட்டும்.