மேட்டில் திக்கும் வண்டி

தூக்குப் பாலம் தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை.
ஹேன்காக் கடைத்தெருவில் முப்பது மைல் வேகத்தில்
பால் குடித்த பூனை மாதிரிப் போகிறது.
குவின்சி மேடு தொடங்கி, லோர்னா நீமி மிதிக்க,
சூப்பர்சார்ஜர் தன் ஒற்றைச் சுருதியில் ஊளையிட,
பூஸ்ட் முள் நான்கு, ஐந்து, ஆறு என்று ஏறும்போதுதான்
அதற்குத் திக்குகிறது.
சொல்ல வந்ததைச் சொல்லாமல் விழுங்கி
மறுபடி தொடங்கி
மறுபடி விழுங்கி.
பின்னால் மரலாரிக்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை.

தொண்ணூற்றேழாம் வருடத்துப் பாண்டியாக்.
விவாகரத்தில் இவளுக்கு வந்தது.
படகு கர்ட்டுக்குப் போனது.

நிறுத்தி வைத்துக் கேட்டால் எல்லாம் சௌக்கியம் என்கிறது.
எஞ்சின் விளக்கு எரியவில்லை.
ஃபில்டர் மாற்றினாள்.
காற்றளவு சென்சாரை ஸ்பிரே அடித்துக் காயவைத்தாள்.
வேக்குவம் குழாய்களை ஒவ்வொன்றாய் மடக்கிப் பார்த்ததில்
ஒன்று காய்ந்த வாழைநாராய் வெடித்திருந்தது.
இதுதான் என்று துள்ளினாள்.
இதுவும் இல்லை.

மிச்சம் பெட்ரோல் பம்ப்.
காற்றை அள்ளித் திணிக்கிற நேரத்தில்
அதற்குச் சமமாய் அது ஊட்ட வேண்டும்.
ஊட்டுகிறதா என்று சொல்லும் கேஜ்
அவளுக்குத் தெரிந்து ஊரில் ஒருவனிடம்தான் உண்டு.

ஞாயிறு வந்தான்.
பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டாமல் ஏறி உட்கார்ந்தான்,
அதே கர்ட்.
பானெட் இடுக்கு வழியே குழாயை வெளியே இழுத்து
முன் கண்ணாடியில் டேப் போட்டுக் கேஜை ஒட்டினார்கள்.
அவள் ஓட்டினாள். அவன் படித்தான்.
நாற்பது.
நாற்பத்தெட்டு.
ஐம்பத்திரண்டு.
வண்டி உதறியது.
ஐம்பத்து நான்கு. நான்கிலேயே நிற்கிறது, லோர்னா. விழவில்லை.
ஒன்றரை வருடத்தில்
இருவரும் இவ்வளவு நேரம் பேசியதில்லை.

மேட்டு உச்சியில் பழைய தாமிரச் சுரங்கத்துக் கோபுரத்தடியில் திருப்பினாள்.
பம்ப் நிரபராதி என்றான்.
காப்பி குடித்துவிட்டுப் போகிறாயா என்பது
தொண்டைவரை வந்தது.
அதற்குள் தன் டிரக்கில் ஏறிவிட்டான்,
கேஜை மறந்து.

இரவு பதினொன்று. கராஜ் விளக்கை அணைத்தாள்.
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கதவு பாதி திறந்திருந்தது, குளிர் உள்ளே வந்தது.
செடிக்கு அடிக்கும் பாட்டிலால்
பிளக் வயர்கள் மேல் தண்ணீரைப் பூந்தூறலாய்ப் பீய்ச்சினாள்.
முன் வரிசை இருட்டு.
பின் வரிசை, கை நுழையாத சுவரோரம்,
நீல நூல் ஒன்று
துடித்தது.
இல்லாமல் போனது.
துடித்தது.

நான்காம் வயர்.
எக்ஸாஸ்டில் சாய்ந்து சாய்ந்து உறை உருகி
போக வேண்டிய இடம் போகாமல்
பக்கத்து இரும்புக்குத் தாவிக்கொண்டிருந்தது மின்சாரம்.
சும்மா ஓடும்போது பிளக்கின் சின்ன இடைவெளி
அதற்கு ஒரு பொருட்டில்லை, தாண்டிவிடும்.
காற்று நெருக்கியடித்து நிற்கும்போது
அதே ஒன்றரை மில்லிமீட்டர் ஆறாகிவிடுகிறது.
அப்போது பொறி
சுலபமான வழி தேடும்.

சூட்டிலிருந்து வயரை விலக்கிப் பிடிக்கும்
பிளாஸ்டிக் கிளிப் அங்கே இல்லை.
யார் வேலை இது என்று கொதித்தாள்.
பிறகு நினைவு வந்தது:
மே மாதம், ரேடியோவில் ஹாக்கி, மூன்றாம் பீரியட்,
கர்ட் வயர் மாட்டுகிறான், இவள் கையில் டார்ச்.
கிளிப் எங்கோ விழுந்த சத்தம் இருவருக்கும் கேட்டது.
அப்புறம் தேடலாம் என்றது
இவள்தான்.

செவ்வாய்க்கிழமை.
புது வயர். புதுக் கிளிப், ஒரு டாலர் பத்து சென்ட்.
மேட்டில் மிதித்தாள்.
ஆறு. ஏழு. எட்டு.
ஒரே மூச்சு. லாரிக்காரன் கண்ணாடியில் புள்ளியானான்.

குழாய் கழற்றிய கேஜ் இன்னும் அங்கேயே ஒட்டியிருக்கிறது,
பூஜ்யத்தில்.
திருப்பிக் கொடுக்க வேண்டும்.
'பம்ப் இல்லை, வயர்' என்று அடித்து வைத்தது
செல்போனில் அனுப்பாமல் கிடக்கிறது.