விளக்குக் கூலி

ஓசூர் சிப்காட்டில்
கியர்பெட்டி கம்பெனியின் பின்சுவரை ஒட்டி
எங்கள் எலிக்கூடம்.
இரவு ஷிப்டில் நான், திம்மராயன்,
நூற்றிருபது சுண்டெலிகள்.

வால் நுனியில் ஒரு சொட்டு ரத்தம்.
நீல ஒளியைத் தட்டிவிட்டால்
சிவப்பணுவுக்குள் மலேரியாக் கிருமி
பச்சையாய்க் கண் விழிக்கும்.
ஜெல்லிமீனிடம் இரவல் வாங்கிய புரதம்;
கடலுக்குக் கிட்டத்தட்ட மூவாயிரம் அடி மேலே
எலியின் உடம்பில் எரிகிறது.

எண்ணுவது என் வேலை.
கட்டைவிரலில் கவுண்டர். டக். டக்.
சாயம் பூசிப் பார்த்துக் கண் பூத்த காலம் போய்
அதுவே விளக்கேந்தி வரிசையில் நிற்கிறது,
ரேஷன் கடையில் அட்டையோடு நிற்பதுபோல்.

ஆறாம் நாள்
மருந்து ஏற்றிய கூண்டுகளில் பச்சை குறைந்தது.
போன வருஷத்துக் கணக்குப்படி
இந்நேரம் பாதி எலி செத்திருக்க வேண்டும்.
பர்வீன் மேடம் பிளம் கேக் வாங்கிவந்தார்.
நானும் இரண்டு துண்டு தின்றேன்.

திம்மராயன்தான் தீனித்தட்டைத் துடைத்தபடி சொன்னான்:
"நாப்பத்திமூணுல ஊசியே போடலை அக்கா.
அதுங்களும் தட்டைக் காலி பண்ணிடுச்சுங்க."

நாற்பத்துமூன்றைத் திறந்தேன்.
மயிர் சிலிர்க்காமல், கூன் விழாமல்
மூக்கைத் தூக்கி என்னைப் பார்த்தன.
எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.
அங்கேயும் பச்சை சொற்பம்.

போன வருஷத்துக் கிருமிக்கு விளக்கு இல்லை.

விளக்குக்கு எண்ணெய் ஊற்றியே
கிருமி இளைத்துப்போனதோ,
இல்லை, அந்நியப் புரதத்தை மோப்பம் பிடித்து
எலியின் ரத்தம் உஷாராகிவிட்டதோ,
இன்னும் தெரியாது.
நான் பார்ப்பதற்கென்று கொளுத்தி வைத்தது
நான் பார்க்க வந்ததை மாற்றிவிட்டது,
அவ்வளவுதான் தெரிகிறது.
மூன்று மாத ஏட்டின் மேல்
மேடம் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.
கேக் டப்பாவில் இப்போது ஸ்லைடுகள்.
விளக்கில்லாத கிருமியோடு மறுபடி ஆரம்பம்:
பழைய ஜீம்சா சாயம், ஊதாப் புள்ளி,
கண்ணெரிச்சல்.

விடியலில் உத்தனப்பள்ளி பஸ்
சானமாவு காட்டோரம் நின்றது.
வனத்துறை ஆள் ஒருவர் ஆன்டெனாவைத் தூக்கி
மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தார்.
பட்டை மாட்டிய யானை
ஏரிப்பக்கம் போய்விட்டதாம், பஸ் போகலாமாம்.
டிரைவர் சாவியைத் திருகினார்.
"கூட நாலு இருந்துச்சே?" என்று கேட்டேன்.
கருவியைக் காதோரம் வைத்தபடி அவர்
பனிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.